தமயந்தி வூட்டு வெக்கை

எனக்கு ஓரகத்தி, கொழுந்தனார் பொண்டாட்டி தமயந்தி, தன்ற தகர ஷெட்டுக்கு உள்பக்கமா மெத்தை தைச்சு அடிச்சு முடிச்ச அன்னைக்கு, பங்குனி மாசம், மத்தியானம் பன்னெண்டரை இருக்கும், பதினோரு வருசமா அதுக்குள்ள குடியிருந்த வெக்கை எந்திரிச்சு வெளிய வந்து, வாசப்படியில கொஞ்ச நேரம் நின்னு, சுத்தியும் முத்தியும் பாத்துப்போட்டு, எங்க ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நிக்கற வேப்பமரத்தடியில, சரியா அவ பாகத்துப் பக்கமாப் போய் உக்காந்துக்குச்சு. நான் நடுச்செவுத்துக்கு இக்கட்ட, எங்க பக்கமா நின்னு துணி உதறிட்டு இருந்தேன், ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஒரு வருசத்துக் கன்னுக்குட்டி உசரம் இருந்துச்சு. நெறம்னு ஒண்ணும் இல்ல, அதுக்குப் பின்னாடி இருந்த செவுரும் கோழியும் மட்டும் நெளிஞ்சு நெளிஞ்சு தெரிஞ்சுது. மிஷின் எண்ணெயும் காஞ்ச தகரமும் கலந்த வாசம் அடிச்சுது. எனக்கு முதல்ல தோணுனது என்ன தெரியுமுங்களா? பயமும் இல்ல, ஆச்சரியமும் இல்ல. போயும் போயும் அவ பக்கமா உக்காந்திருக்குது பாரேன்னுதான் தோணுச்சு.

எனக்குப் பொறாமைன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. ஆமாங்க, பொறாமைதான். இல்லைன்னு சாதிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? ஆனா எதுக்குப் பொறாமைன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? கேக்கல. அதனால நானே சொல்றேன், கேளுங்க.

என்ற வூட்டுக்காரரும் அவரு தம்பியும் பாகம் பிரிச்சப்ப வூடு ரெண்டாச்சு, வூட்டுக்குப் பின்னாடி இருந்த பொடக்காளியும் ரெண்டாச்சு, நடுவுல இடுப்பளவு ஒரு செவுரு வந்துச்சு, மாடு கண்ணு போய்வர அதுல ஒரு சந்து விட்டாங்க. அந்த வருசமே ஒரே நாள்ல, ஒரே ஃபிட்டர் மைக்கேலை வெச்சு, ஒரே நீலத் தகரத்துல ரெண்டு ஷெட்டுப் போட்டோம். ஆளுக்கு அஞ்சு தையல் மிஷின். திருப்பூர்ல இருந்து வெட்டுன துணி வரும், நாங்க கொழந்தைங்க போடற ராத்திரிச் சட்டையாத் தைச்சு அனுப்புவோம். மாசி பொறந்துட்டாப் போதும், அந்தத் தகரத்துக்குக் கீழ மனுசன் உக்கார முடியாது. கத்திரிக்கோலத் தொட்டாக் கை சுடும், மிஷின் எண்ணெய் உருகி வெள்ளைத் துணி மேல சொட்டும், ஈரத்துண்டு தலையில போட்டா அரைமணி நேரத்துல மொடமொடன்னு ஆயிரும். ரெண்டு ஷெட்டுலயும் ஒரே அளவு வெக்கை. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்ல.

என்ற ஷெட்டுல துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக் மிஷின் ஓட்டறவ கருணாம்பிகை. என்னைவிட ஆறு வயசு சின்னவ. பதினோரு வருசமா எனக்கு இடது கைப்பக்கம் உக்காந்து தைக்கறவ. அவ கொண்டு வர்ற கம்மஞ்சோறு எனக்கு, நான் கொண்டு வர்ற ரசஞ்சோறு அவளுக்கு. எனக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை, பங்காளிக்குக் கொறைச்சல் இல்ல, பேசறதுக்கு ஆளு அவ ஒருத்திதான். என்ற வூட்டுக்காரர்கிட்டச் சொல்லாததை எல்லாம் அவகிட்டச் சொல்லியிருக்கேன். மிஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசுவோம், கத்திக் கத்திச் சிரிப்போம். போன தை மாசம் அவளுக்கு ரத்தக் கொதிப்பு அதிகமாயி, ஆஸ்பத்திரியில மூணு நாள் படுத்திருந்தா. வெக்கையில உக்காராதீங்கம்மான்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு. தகர ஷெட்டுல தையல் ஓட்டறவளுக்கு அப்படிச் சொன்னா அவ எங்க போவா? என்னை வுட்டு எங்க போவா?

அதே மாசந்தான் தமயந்தி தன்ற ஷெட்டு வெக்கைக்கு வழி பண்ணக் கெளம்புனா. அவளுக்கு எதையும் விசாரிச்சு விசாரிச்சுச் செய்யற புத்தி. தெர்மாகோல் ஒட்டலாமான்னு கேட்டா, அணில் கடிச்சுத் துப்பிரும்னாங்க. மேல தென்னங்கீத்து வேயலாமான்னு கேட்டா, பாம்பு வந்து படுத்துக்கும், ஒரு பொறி பட்டாப் போச்சுன்னாங்க. கூரைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பாத்தா, ஒரு மழையில வழிஞ்சு வாசல்ல நின்னுச்சு. கடைசியில எங்க தொழில்ல கொட்டிக் கெடக்கற பனியன் வெட்டுத்துணி இருக்குதே, அதைப் படிகாரத் தண்ணியில ஊறப்போட்டு, அப்பத்தான் நெருப்பு சட்டுனு புடிக்காதாம், வெயில்ல காயவெச்சு, பூச்சி வராம இருக்க வேப்பந்தழை கலந்து, கெட்டித் துணியில திணிச்சு, கட்டம் கட்டமாத் தையல் போட்டு, அறுபது மெத்தை தைச்சா. ஷீட்டுக்கும் மெத்தைக்கும் நடுவுல நாலு விரல் இடம் விட்டு, கம்பிவலை வெச்சு மைக்கேல் அடிச்சுக் கொடுத்தான். நான் செவுத்துக்கு இக்கட்ட நின்னு, "ஏம்மிணி, ஷெட்டுக்குக் கல்யாணமா, மெத்தையெல்லாம் தைக்கற?"ன்னு கேட்டுச் சிரிச்சேன். கருணாவும் எங்கூடச் சிரிச்சா. அதை நான் மறக்கல.

வெக்கை வெளிய வந்த விசயம் பொழுதோட ஊரு பூராத் தெரிஞ்சுபோச்சு. வந்து பாத்தாங்க, ஆமா வெக்கைதான்னாங்க, தண்ணி காட்டுனியா தமயந்தின்னு கேட்டாங்க. அவ ஒரு குடம் கொண்டு வந்து ஊத்துனா, சொய்ங்னு குடிச்சுப்போட்டு அமைதியா இருந்துச்சு. அடுத்த நாள் காத்தால ஒருத்தி வடகத்தைக் கொண்டு வந்து அதும்பக்கத்துல பரப்புனா, உச்சிப்பொழுதுக்குள்ள காஞ்சுது. அதுக்கடுத்த நாள் மொளகா வந்துச்சு, கொத்தமல்லி வந்துச்சு, புளி வந்துச்சு. இஸ்திரி போடற மாரப்பன் கரி வாங்கறதை நிறுத்திப்போட்டு, பொட்டியை அதும்மேல சாச்சு வெச்சுச் சூடு பண்ணிக்கிட்டாரு. முட்டிவலிக்காரங்க எட்டு மணிக்கெல்லாம் வந்து அதுக்கு முதுகைக் குடுத்து உக்காந்துக்குவாங்க, ஊர்ப் பஞ்சாயத்து பூரா அங்க வெச்சே நடக்கும். அடைக்கு வெச்ச முட்டையைக் கூடையோட கொண்டு வந்து வெச்சுட்டுக் கோழியை ஊர் மேய அனுப்பிச்சுட்டாங்க. கோயில் பூசாரி ஒரு மஞ்சக் கயிறு கட்டிப் பாத்தாரு, அது கருகி விழுந்துச்சு, சரி இது நம்ம பக்கம் இல்லைன்னுட்டுப் போயிட்டாரு. சித்திரையில நாலு நாள் வுடாம மழை புடிச்சப்ப, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சட்டை, பிரசவமான வூட்டுத் துணி, கல்யாண வூட்டுப் பந்தலுக்குக் கீழ போடற சமுக்காளம், எல்லாமே எங்க வேப்பமரத்தடிக்குத்தான் வந்துச்சு.

அது தமயந்தி பின்னாடியே போக ஆரம்பிச்சுது. மளிகைக் கடைக்குப் போனாக் கூடவே போகும், ஐஸ் பொட்டி இருக்கறதனால கடைக்காரர் உள்ள வுட மாட்டாரு, அது ரோட்டுக்கு அக்கட்டப் போய்ப் பொறுமையா நிக்கும். டவுன் பஸ்ஸுல கண்டக்டர் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டாரு, அதுக்கு அவகிட்டக் கோவிச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா தண்ணி குடிக்காமக் கெடந்துச்சாம், அதையும் ஊருல பெருமையாப் பேசுனாங்க. கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தவங்க, "அவசியம் வரோணும் அம்மிணி, அதையும் கூட்டிட்டு வந்துருங்க, அப்பளம் காய வெக்கோணும்"னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு வெச்ச பத்திரிகையில பேரே தப்பு.

நான் சும்மா இருப்பனா? மரம் பொதுவுல நிக்குது, அதனால அதுக்கடியில உக்காந்திருக்கறதும் பொதுதான்னு வார்டு மெம்பர்கிட்ட மனுக் குடுத்தேன். அவரு சர்வேயரைக் கூட்டிட்டு வந்து சங்கிலி போட்டு அளந்தாரு. செவுத்துல இருந்து மூணடி உள்ளாற, பூராவும் தமயந்தி பாகத்துல இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. என்னன்னு எழுதறதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியல. பாரத்துல கெணறு, மரம், மாட்டுக்கொட்டாய் மூணுக்குத்தான் இடம் இருந்துச்சு. கடைசியில வேம்பு அல்லாத மரம் ஒண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, அதுங்கிட்டயே நின்னு ஈரச் செருப்பைக் காய வெச்சுக்கிட்டுப் போனாங்க. ஊரு அதுக்குத் 'தமயந்தி வூட்டு வெக்கை'ன்னு பேரு வெச்சுருச்சு. என்ற ஷெட்டுலயும் அதே அளவு இருந்துச்சே, அதுக்கு யாராச்சும் பேரு வெச்சாங்களா?

இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். கருணா விசயந்தான் என்னால பொறுக்க முடியல.

முதல்ல தமயந்தி ஷெட்டுக்கு டீக்குப் போனா. "அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு வர்றேனுங்க்கா, உள்ள நல்லாருக்குதாம்"னு சொல்லிட்டுப் போனா. திரும்பி வந்தப்ப அவ மொகத்துல ஒரு தெளிவு இருந்துச்சு. அடுத்த வாரம் மத்தியானச் சோத்துக்குப் போனா. "கூப்புடறாங்க, போகாட்டித் தப்பா நெனச்சுக்குவாங்க"ன்னா. என்ற ரசஞ்சோறு ஆறிப்போச்சு. அந்த மெத்தைக்கு வெக்கையை மட்டுமில்ல, சத்தத்தையும் அடக்கற கொணம் இருந்துச்சு. கதவு தொறந்தா கருணா சிரிக்கறது கேக்கும். மூடுனா நின்னுரும். யாராச்சும் தண்ணிக்கு வெளிய வந்தாப் போதும், ஒரு துண்டுச் சிரிப்பு வந்து என்ற காதுல விழும், என்ன பேசிச் சிரிக்கறாங்கன்னு தெரியாது. நான் மிஷினை நிறுத்திப்போட்டு அந்தக் கதவையே பாத்துட்டு இருப்பேன். எத்தனை தையல் கோணலாப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

ஒரு திங்கக்கெழமை அவ ஸ்டூல் மேல போடற மெத்தையை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்து நின்னா.

"அக்கா, டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியுமுங்க. நேத்துக்கூட மூக்குல ரத்தம் வந்துருச்சு. தமயந்தியக்கா ஷெட்டுல ஒரு ஓவர்லாக் காலியா இருக்குதாம். ஒரு ரெண்டு மாசம்... ஆடி பொறந்ததும் வந்தர்றேனுங்க."

"போ," ன்னேன். "நான் என்ன உன்னைக் கட்டியா வெச்சிருக்கேன்?"

"கோவமா இருக்கீங்க."

"எனக்கென்ன கோவம்? சில்லுனு இருக்கற எடத்துக்கு யாருதான் போகமாட்டாங்க? போயி நல்லா இரு."

அவ போனா. சந்து வழியா அவ நொழையறப்ப வெக்கை எந்திரிச்சு வழி வுட்டுச்சு. அந்த நிமிசம் நான் முடிவு பண்ணேன். தமயந்தி ஷெட்டை விட ஒசத்தியா என்ற ஷெட்டை மாத்தோணும். என்ற வெக்கை வெளிய வந்து உக்காந்தா, யானை உசரம் இருக்கோணும், ஊரே இக்கட்ட வரோணும், கருணா ஸ்டூல் மெத்தையோட திரும்பி வரோணும்.

வெட்டுத்துணியை நான் தொடல. அவ போட்டதை நான் போடறதா? திருப்பூருக்கே போய், பெரிய கடையில ஏறி உக்காந்து, இருக்கறதை எல்லாம் எடுத்துப் போடச் சொன்னேன். ரெண்டு பக்கமும் வெள்ளி மினுங்கற குமிழ் ஷீட்டு, தொட்டா மேலெல்லாம் அரிக்கற மஞ்சப் பஞ்சு, கல்லை உருக்கி நூலா இழுத்துச் செஞ்சதுன்னு ஒண்ணு, சாம்பல் நெறத்துல ரப்பர் மாதிரி ஒண்ணு. கடைக்காரர், "எதுனா ஒண்ணு போதுமுங்கம்மா"ன்னாரு. "நாலும் வேணும்"னேன். என்ற வூட்டுக்காரர் எம்மூஞ்சியைப் பாத்தாரு, பணத்தை எடுத்து எண்ணுனாரு, புத்தியுள்ள மனுசன்.

மைக்கேல் வந்து ஏணி போட்டு ஏறி, ஒரு அடுக்கு வெச்சுப் பாத்துட்டு, கீழ எறங்கி வந்தான்.

"அக்கா, இத்தனையும் போட்டா நாலு விரல் இடம் நிக்காதுங்க. ஷீட்டுக்கும் இதுக்கும் நடுவுல காத்து நடக்கோணும். மேல கூரை உச்சியில, கூம்புல ஒரு வாய் வேணும். அப்பத்தான் வெக்கை அசையும். அசைஞ்சாத்தான் எடத்தைக் காலி பண்ணும்."

"யாரு சொன்னது?"

"தமயந்தியக்கா ஷெட்டுக்கு அப்படித்தானுங்க வுட்டோம்."

"அப்படின்னா வுட வேண்டாம். எறும்பு போக வழி இருக்கக் கூடாது. சந்து பொந்தெல்லாம் அடைச்சுரு."

செவுத்துக்கு அக்கட்ட இருந்து தமயந்தி எட்டிப் பாத்தா. "அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, மேல மட்டும் கொஞ்சம் இடம் வுடச் சொல்லுங்க்கா. இல்லாட்டி அதுக்கு மூச்சு முட்டிப் போகும்"னா. கெடுதலாச் சொல்லல. நல்லதுக்குத்தான் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. "மைக்கேலு, கதவுக்கும் ரப்பர் அடி"ன்னு சத்தமாச் சொன்னேன்.

ஒரு புதன்கெழமை, பத்தரை மணிக்கு நல்ல நேரம் பாத்தேன். ஷெட்டு வாசல்ல கோலம் போட்டு, தேங்கா ஒடச்சு, என்ற வெக்கை குடிக்கறதுக்குப் புதுக் குடத்துல தண்ணி வெச்சேன். உக்கார எடம் கூட்டித் தெளிச்சு வெச்சேன். ஊரு பூரா வந்துச்சு. ஒருத்தி இப்பவே வடகத்தட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டா. கருணா கூட்டத்துல ஓரமா நின்னா. நான் கதவைத் தொறந்து விட்டு, "வா சாமி"ன்னேன்.

ஒண்ணும் வரல.

பத்து நிமிசம் ஆச்சு, கால் மணி நேரம் ஆச்சு. தூங்குதோ என்னமோன்னு ஒருத்தர் சொன்னாரு. பொம்பளைங்க கூட்டமா நிக்கறதனால கூச்சப்படுதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. வடகத்தட்டுக்காரி தட்டை எடுத்துக்கிட்டு மெல்லத் தமயந்தி பக்கம் போனா. அப்பத்தான் தமயந்தி, "அக்கா, மேல கொஞ்சம் பிரிச்சு வுட்டுப் பாக்கலாமுங்களா?"ன்னு கேட்டா. ஊரு நிக்குது, கருணா நிக்கறா, இவ அவங்க முன்னாடி வெச்சுக் கேக்கறா. எனக்கு ரத்தம் பூரா தலைக்கு ஏறுச்சு.

"பிரிக்கறதுக்கு உள்ள வெக்கை இருந்தாத்தான?" ன்னேன். "இங்க அதெல்லாம் எப்பவோ போயிருச்சு. உள்ள சில்லுனு இருக்குது, போயிட்டு வாங்க எல்லாரும்."

சொல்லிப்போட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். ரப்பர் போட்ட கதவு, இழுத்துச் சாத்துனதும் வெளிச் சத்தம் அத்தனையும் நின்னுபோச்சு. உள்ள வெக்கை இருந்துச்சுங்க. போக்கிடம் இல்லாம, மேல இருந்து கீழ வரைக்கும், முன்னால இருந்ததை விட மூணு பங்கு கெட்டியா நின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு எட்டு வெச்சேன். மிஷின் மேல கை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். சொன்ன சொல்லைச் சொல்லியாச்சு, இனி எப்படி வெளிய ஓடறது?

மிச்சமிருந்த மூணு பொண்ணுங்களும் ஒவ்வொருத்தியா வேலைக்கு வராம நின்னாங்க. கால்வலின்னா ஒருத்தி, மாமியாருக்கு முடியலைன்னா ஒருத்தி, மூணாவது தன்ற கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நான் மட்டும் காத்தால போய்ச் சாத்திக்குவேன், பொழுது சாயத்தான் வெளிய வருவேன். வந்ததும் செவுத்தோரமா நின்னு, தமயந்தி காதுல விழற மாதிரி, "அப்பாடா, என்ன குளிரு"ன்னு கையைத் தேச்சுக்குவேன். மேலெல்லாம் வேர்க்குரு, உதடு வெடிச்சிருக்குது, தலைமசுரு காஞ்ச நாரா நிக்குது. ஊருல யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எம்பொய்யையும் வெக்கையை ஏத்துக்கிட்ட மாதிரியே ஏத்துக்கிட்டாங்க. "துளசிமணி ஷெட்டுல குளிராமா"ன்னு சொல்லிக்குவாங்க, அதுக்கு மேல பேசமாட்டாங்க. என்ற வூட்டுக்காரர் காத்தால நான் கெளம்பறப்ப மோர்ச் சொம்பையும், கூடவே ஒரு சால்வையையும் எடுத்துக் குடுத்தாரு. அந்த மனுசனைக் கட்டிக்கிட்டு அழுகலாம்னு இருந்துச்சு. அழுகல.

உள்ள எனக்குப் பேச்சுத்துணை அது ஒண்ணுதான். கருணா உக்கார்ற எடம் காலியாக் கெடந்துச்சு, அங்க வந்து அது உக்காந்துக்குச்சு. நான் தைச்சுக்கிட்டே பேசுவேன். தமயந்தி எப்படிச் சிரிச்சுச் சிரிச்சே ஆளைப் புடிக்கறா, கருணா எப்படிப் பதினோரு வருசத்தைக் கக்கத்துல சுருட்டிக்கிட்டுப் போனா, எல்லாத்தையும் சொல்லுவேன். அது கேட்டுக்கும். நான் அழுதா கண்ணீரு கன்னத்துக்கு வர்றதுக்குள்ள காய வெச்சுரும். என்ற காலை மிஷின் மிதி மேல வெச்சா, அது நகந்து நகந்து கிட்ட வந்து எம்முழங்கால் மேல சாஞ்சுக்கும்.

பத்தொம்பதாம் நாள் மத்தியானம் கதவு தொறந்துச்சு. கருணா நின்னா. கக்கத்துல ஸ்டூல் மெத்தை, கையில சோத்துத் தூக்குப்போசி.

"தனியாவே தைக்கறீங்களாமா? லோடு வியாழக்கெழமை போகோணுமே. ஓவர்லாக்கை நான் ஓட்டிக் குடுத்தர்றேனுங்க்கா."

உள்ள வந்தா, கதவைச் சாத்துனா, மெத்தையைப் போட்டு உக்காந்தா. அவ எடத்துல இருந்த வெக்கை எனக்குப் பின்னாடி வந்து நின்னுக்குச்சு. அவளுக்கு அப்பவே நெத்தியில இருந்து தாவாங்கட்டை வரைக்கும் வேர்வை எறங்குது. எந்திரிச்சுப் போடின்னு நான் சொல்லியிருக்கோணும். என்ற வாயில என்ன வந்துச்சு தெரியுமுங்களா?

"உள்ள சில்லுனு இருக்குதில்ல?"

அவ என்னை ஏறிட்டுப் பாத்தா. வேர்க்குருவைப் பாத்தா, உதட்டைப் பாத்தா.

"ஆமாங்க்கா," ன்னா. "சில்லுனுதான் இருக்குது."

சொல்லிட்டுத் தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெண்டு தோளையும் மூடிப் போத்திக்கிட்டா. பாவி, எனக்கு சந்தோசமுங்க. அத்தனை நாள்ல அப்படியொரு சந்தோசம் இல்ல. தமயந்தியையும் அவ ஷெட்டையும் விட்டுட்டு இவ எங்கிட்ட வந்து உக்காந்திருக்கறா, அதுதான் என்ற மனசு பூரா. ரெண்டு மிஷினும் ஓடுச்சு. கத்திக் கத்திப் பேசுனேன். அவ "உம், உம்"னு கேட்டுக்கிட்டா. நான் எங்க ஒறம்பரையில நடந்த ஒரு கூத்தைச் சொல்லிச் சிரிச்சேன், அவ சிரிக்கல. திரும்பிப் பாத்தேன். மிஷின் ஓடிட்டே இருக்குது, துணி நகரல. அவ நெத்தி மிஷின் மேல சாஞ்சிருக்குது, மூக்குல இருந்து ரத்தம் வெள்ளைத் துணியில எறங்குது.

"கருணா!"

கதவை ஒதச்சுத் தொறந்தேன். மேசை மேல ஸ்டூலைப் போட்டு ஏறி, துணி வெட்டற பெரிய கத்திரிக்கோலால கூம்பைக் குத்திக் கிழிச்சேன், வெள்ளி ஷீட்டு, பஞ்சு, கல்லு நூலு, ரப்பரு, நாலு அடுக்கும் கிழிஞ்சு தொங்குச்சு, தகரத்தையும் நெம்பித் தூக்குனேன், வானம் தெரிஞ்சுது. "போ! வழி வுட்டாச்சு, எந்திரிச்சுப் போ!"ன்னு கத்துனேன். அது போகல. அண்ணாந்து வானத்தைப் பாத்துச்சு, கதவைப் பாத்துச்சு, அப்புறம் வந்து எம்மேல சாஞ்சுக்குச்சு. பத்தொம்பது நாள் அதுகூட மட்டுந்தான பேசிட்டு இருந்தேன், அதுக்கு என்னை விட்டா யாரைத் தெரியும்?

கருணாவைக் கக்கத்துல கை குடுத்து இழுத்துக்கிட்டு வெளிய வந்து, "தமயந்தி! அடி தமயந்தி!"ன்னு கூப்பிட்டேன். அவ பேரைச் சொல்லி நான் கூப்பிட்டு மூணு மாசம் இருக்கும். அவ ஓடி வந்தா, ஒண்ணுமே கேக்கல, காலைப் புடிச்சா. ரெண்டு பேருமாத் தூக்கிச் சந்து வழியா அவ ஷெட்டுக்குள்ள கொண்டு போனோம். அன்னைக்குத்தான் முதல் தடவையா உள்ள கால் வெச்சேன். நெசமாவே சில்லுனு இருந்துச்சுங்க. மேல அறுபது மெத்தையும் தையல் பிசகாம வரிசையா இருந்துச்சு. வெட்டற மேசையில கருணாவைப் படுக்க வெச்சோம். ஈரத்துணி போட்டோம். ஆளனுப்பி வரவெச்ச நர்ஸம்மா கையில பட்டையைச் சுத்தி அளந்து பாத்துட்டு, "இன்னும் அரைமணி நேரம் அங்க இருந்திருந்தா நான் வந்திருக்க வேண்டியதே இல்ல. இனி ஒரு நாள்கூட இவங்க வெக்கையில உக்காரக் கூடாது"ன்னுச்சு.

நான் கருணா கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்கியும் போகாம இங்கயே, இந்த மேசையோரமாவே இருந்துறலாம்னு தோணுச்சு. தமயந்தி வேண்டாம்னு சொல்லமாட்டா, அதுவும் எனக்குத் தெரியும். அப்பத்தான் பாத்தேன், ஜன்னலோரம் தைச்சுட்டு இருந்த பொண்ணு கழுத்தைத் தொடச்சா. அவளுக்குப் பக்கத்துல இருந்தவ முந்தானையால விசிறிக்கிட்டா. திரும்புனா, என்ற வெக்கை வாசப்படி தாண்டி, எம்பின்னாடியே உள்ள வந்து நிக்குது. நான் எங்க உக்காந்தாலும் அது வரும்.

கருணா கண்ணைத் தொறந்தா. என்னைப் பாத்தா, எனக்குப் பின்னாடி நிக்கறதையும் பாத்தா.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க," ன்னா, மெல்ல. "உங்க ஷெட்டுக் குளிரு எனக்கு ஒத்துக்கலீங்க. நான் இனி இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

அத்தனை மிஷினும் நின்னுபோச்சு. ஒருத்தியும் சிரிக்கல, எல்லாரும் மடியில இருந்த துணியைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, தமயந்திகூட. நான் பொய் சொன்னேன் கருணா, அங்க வெந்து சாகறேன், என்னைத் தனியா வுட்டுராதன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்குக் காத்தால ஸ்டூல் மெத்தையைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்து நிப்பா. இன்னைக்கும் தெரிஞ்சுதான வந்தா. அவ அப்படிப்பட்டவ.

"ஆமா அம்மிணி," ன்னேன். "அந்தக் குளிரு உனக்கு ஆகாது. நீ இங்கயே இருந்துக்க."

அவ என்ற கையை வுடல. அவ கை மறுபடியும் வேர்க்க ஆரம்பிச்சுது. நான் என்ற கையை உருவிக்கிட்டு எந்திரிச்சு, என்ற வெக்கையைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தேன்.